கறையான் புற்றை இடிப்பதா? இரண்டு புற்றுக்காளான் இனங்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், தென் சென்னையில் மரங்கள் அடர்ந்த ஒரு கல்வி வளாகம். வேம்பு, நாவல், பனை, அடியில் களாவும் காரையுமாகப் புதர். இடையிடையே பிற்காலத்தில் போட்ட புல்தரை. வளாகத்தின் பழைய ஆவண அறைக் கட்டடத்தில் இரண்டு கதவு நிலைகளையும் ஒரு மர அலமாரியையும் கறையான் அரித்திருந்தது. கட்டடத்தின் மேற்குச் சுவரிலிருந்து சுமார் 9 மீட்டர் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில், ஆளின் மார்பளவு உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. கறையான் அங்கிருந்துதான் வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

பூச்சிக்கட்டுப்பாட்டு ஒப்பந்ததாரர் கொடுத்த திட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. கட்டடத்தைச் சுற்றி மருந்து அடிப்பது ஒன்று. புற்றில் கடப்பாரையால் பல இடங்களில் துளையிட்டு, ஒரு கனமீட்டருக்கு 4 லிட்டர் கணக்கில் மருந்துக் கரைசலை ஊற்றி, பிறகு புற்றைத் தரைமட்டமாக்குவது மற்றொன்று. இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313 கட்டடத்தருகே உள்ள புற்றுகளுக்குச் சொல்லும் வழிதான் இது. நடைமுறைப்படி திட்டத்தில் தவறு எதுவும் இல்லை.

வேலை தள்ளிப்போனதற்குக் காரணம் அறிவியல் அல்ல. ஆடி வெள்ளிக்கு யாரோ புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாலும் முட்டையும் வைத்திருந்தார்கள். "சார், மஞ்சள் பூசின புத்துல நான் கடப்பாரை வைக்க மாட்டேன்" என்று தோட்டப் பணியாளர் மறுத்துவிட்டார். ஆடி கழியட்டும் என்று பொறியாளர் விட்டார், ஆவணியும் கழிந்தது. சென்னையில் பல புற்றுகள் இன்னும் நிற்பதற்கு எந்தச் சட்டத்தையும்விட இந்தத் தயக்கமே பெரிய காரணம். (பாலும் முட்டையும் எறும்புகளை இழுத்து வந்து கறையானுக்குத் தொல்லை தரும் என்பது வேறு.)

மழைக்குப் பிறகு கண்டவை

செப்டம்பரில் ஒரு மாலை இடிமழைக்குப் பின் புற்றின் அடியிலிருந்தும் சுற்றுத் தரையிலிருந்தும் ஈசல் கிளம்பியது. சில வாரங்கள் கழித்து, அக்டோபர் மழையில், புற்றின் கிழக்குச் சரிவிலும் அடியிலும் பெரிய வெண்காளான்கள் மண்ணைப் பிளந்து வந்தன. அடுத்த சில நாட்களில், புற்றிலிருந்து 4 மீட்டர் தள்ளி இலைச்சருகுக்கு நடுவே, அரிசி இறைத்ததுபோல நூற்றுக்கணக்கான சிறு காளான்கள் தோன்றின.

காவலாளி ஒருவர் பெரியவற்றில் சிலவற்றைப் பறித்தார். புற்றுக்காளானைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர் அவர். போகிற வழியில் புல்தரையிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்து ஒரே பையில் போட்டுக்கொண்டார். வாயிலில் பையைப் பார்த்த தாவரவியல் ஆசிரியர் சமைக்க வேண்டாம் என்று நிறுத்தி, பையை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். இந்த நிகழ்வு பதிவானது அங்கிருந்துதான்.

மாணவர் இயற்கைக் குழுவின் வேகம் வேறு திசையில் இருந்தது. "அழிந்துவரும் அரிய காளான், தொடாதீர்கள்" என்று ஒரு பலகையை எழுதி, அன்று மாலையே நட அனுமதி கேட்டார்கள். ஆக, நிர்வாகத்தின் மேசையில் ஒரே வாரத்தில் மூன்று கோரிக்கைகள்: புற்றை இடிக்க, வேலி போட்டுக் காக்க, காளானைச் சமைக்க. பொறியாளர், தோட்ட மேற்பார்வையாளர், தாவரவியல் ஆசிரியர், வெளியிலிருந்து வந்த பூஞ்சை வகைப்பாட்டு வல்லுநர் ஆகிய நால்வரும் உட்கார்ந்து முடிவெடுக்குமாறு சொல்லப்பட்டது.

இனம் காணுதல்

முதலில் பையைப் பிரித்தார்கள். குடையின் காம்பை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் செவுள்கள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்) கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலே கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து, இரவு முழுவதும் விட்டார்கள். ஸ்போர், அதாவது காளானின் விதைபோன்ற தூள், அதன் பதிவை எடுக்கும் எளிய வழி இது. வெள்ளைத் தாள் மட்டும் வைத்தால் வெளிர்நிற ஸ்போர் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு மட்டும் வைத்தால் நிறத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. காலையில் புற்றுக்காளான்கள் வெளிர் இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறத்தில் பதிவு தந்தன. புல்தரையில் பறித்தவை மங்கிய பச்சை நிறத்தில் தந்தன. பச்சை என்றால் பெரும்பாலும் குளோரோபில்லம் மாலிப்டைட்டஸ். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுக்காளான். மழைக்குப் பின் நகரப் புல்தரைகளில் சாதாரணமாக முளைப்பது. இளம் நிலையில் இதன் செவுள் வெள்ளையாகவே இருக்கும், முற்றிய பிறகே பச்சை படரும். அதனால் மொட்டாகப் பறிப்பவர் ஏமாறுவார். புற்றில் முளைத்த பெரிய காளான், புல்தரைக் காளான் இரண்டிலும் காம்பில் வளையம் இருக்கும், இரண்டும் வெள்ளை, இரண்டும் உள்ளங்கை அகலம். காவலாளிக்குப் புற்றுக்காளானைப் பற்றிய அறிவு சரியாகவே இருந்தது. புற்றிலிருந்து பத்தடி தள்ளி முளைத்ததற்கும் அதே அறிவைப் பொருத்தியதில்தான் சிக்கல்.

அடுத்து, பெரியதும் சிறியதும். வளாகத்தில் பலரும் சிறியவற்றைப் பெரியவற்றின் குஞ்சுகள் என்றே நினைத்தார்கள். அது பிழை. ஒன்றரை செ.மீ. அகலமே இருந்த குடைகள் முழுதாக விரிந்து, ஓரம் கிழிந்து, ஸ்போர் உதிர்த்துக்கொண்டிருந்தன. வளர்ந்து முடிந்த காளானின் அளவே அதுதான்.

பெரியது டெர்மிட்டோமைசெஸ் ஹைமியை. 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் இந்தியாவிலிருந்து விவரித்துப் பெயரிட்ட இனம். சிறியது டெர்மிட்டோமைசெஸ் மைக்ரோகார்பஸ். 1871இல் பெர்க்லியும் புரூமும் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு விவரித்தது. 1942இல் ரோஜர் ஹைம் இந்தப் பேரினத்தை நிறுவியபோது அதற்குள் வந்தது. இரண்டும் ஒரே பேரினம். இரண்டுமே பூஞ்சை வளர்க்கும் கறையான்களோடு மட்டுமே வாழ்பவை. கறையான் கூட்டுக்குள், மென்று கழித்த தாவரப் பொருளால் கட்டிய அடையில் இந்தப் பூஞ்சை வளர்கிறது. அது மரத்தைச் செரித்துத் தர, கறையான் அதன் வெண்முடிச்சுகளையும் பழைய அடையையும் தின்கிறது. கறையான் இல்லாமல் இவற்றை வணிகமாகப் பயிரிட இன்றுவரை வழி பிறக்கவில்லை.

களத்தில் இவற்றைப் பிரிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஹைமியையின் குடை 6 முதல் 12 செ.மீ. வரை விரியும், நடுவில் சாம்பல் படிந்த கெட்டியான முகடு இருக்கும், மண்ணைத் துளைத்து வரும் முனை அதுதான். காம்பில் தடித்த, உதிராத இரட்டை வளையம் இருக்கும். மூன்றாவது மண்ணுக்கடியில் இருப்பதால் பறிப்பவர் பெரும்பாலும் அதைத் தவறவிடுவார்: காம்பு தரையோடு முடிவதில்லை, வேர்போல நீண்டு கூட்டுக்குள் இருக்கும் அடைவரை போகும். இந்தப் போலிவேரைப் பார்க்கக் காளானை இழுக்கக் கூடாது, அறுந்துவிடும். பக்கத்தில் ஒரு சாண் தள்ளிக் குழி தோண்டி, கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இறங்க வேண்டும். இங்கே 30 செ.மீ. வரை வெள்ளையாகத் தொடர்ந்தது. போலிவேரின் வெளிப்புறம் கறுத்து, காம்பில் வளையமும் இல்லாதிருந்தால் யூரைசஸ் என்னும் உறவினத்தை நினைக்க வேண்டியிருந்திருக்கும்.

மைக்ரோகார்பஸின் குடை அரை முதல் இரண்டரை செ.மீ. வரைதான், காம்பு மெல்லியது, வளையம் கிடையாது, நீண்ட போலிவேரும் கிடையாது. காரணம் அது முளைக்கும் முறை. கறையான்கள் அடையின் துகள்களை மேலே கொண்டுவந்து, மண் பரப்பிலோ சருகின் அடியிலோ பரப்பிவிடுகின்றன. அந்தத் துகளிலிருந்துதான் இது முளைக்கிறது. சிறு காளான் கொத்து ஒன்றைச் சருகோடு தூக்கிப் பார்த்தபோது அடியில் பழுப்புநிற அடைத் துகள்கள் ஒட்டியிருந்தன. எல்லா முடிவுகளையும் தீர்மானித்த அவதானிப்பு இது என்று சொல்லலாம். ஒன்று உயிருள்ள கூட்டின் ஆழத்திலிருந்து வருகிறது. மற்றொன்று வெளியே கொட்டப்பட்ட துகளிலிருந்து, தரையின் மேல்தோலில் வாழ்ந்துவிட்டுப் போகிறது.

இன்னொன்றும் தெளிவானது. ஆய்வு செய்யப்பட்ட கறையான் கூடுகளில் ஒரு கூட்டுக்குள் ஒரே பூஞ்சை மரபுதான் வளர்க்கப்படுகிறது. அப்படியானால் இங்கே இரண்டு கூடுகள் இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புற்று ஒன்று. சருகுப் பகுதியின் கீழே, மேட்டின் அடையாளம் எதுவும் இல்லாத தரையடிக் கூடு இன்னொன்று. இடிப்புத் திட்டத்தில் இரண்டாவதைப் பற்றிய பேச்சே இல்லை.

கட்டடத்தைத் தின்ற கறையான் எது?

வல்லுநர் கேட்ட எளிய கேள்வி இது. அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. புற்றின் பக்கவாட்டில் விரல் தடிமனில் ஒரு துளை போட்டு, ஓடிவந்த சிப்பாய்க் கறையான்களைத் தூரிகையால் தொட்டு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டார்கள். ஆவண அறையின் கதவு நிலையில் இருந்த மண்குழாயை உடைத்து, அங்கிருந்தும் சிப்பாய்களை எடுத்தார்கள். வேலைக்காரக் கறையானைக் கொண்டு இனம் சொல்வது கடினம். சிப்பாயின் தலையும் தாடையும்தான் அடையாளம்.

புற்றிலிருந்து வந்தவற்றுக்கு வளைந்த வாள்போன்ற தாடை, இடப்பக்கத் தாடையின் உட்புறம் ஒரு பல்: ஓடன்டோடெர்மஸ், பூஞ்சை வளர்ப்பது. கதவு நிலையிலிருந்து வந்தவற்றின் தலை துளிவடிவில் இருந்தது. இடுக்கியால் தொட்டதும் நெற்றித் துளையிலிருந்து பால்போன்ற வெள்ளைத் துளி சுரந்தது: கோப்டோடெர்மஸ். இது பூஞ்சை வளர்ப்பதில்லை. மரத்தின் உள்ளேயும் ஈரமான சுவர் இடுக்கிலும் கூடு வைத்துக்கொள்வது. கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில் கழிவறைக் குழாய் ஒன்று சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

ஆக, புற்றை முழுதாக அழித்திருந்தாலும் கதவு நிலைகள் தொடர்ந்து அரிக்கப்பட்டிருக்கும். ஓடன்டோடெர்மஸும் மரத்தைத் தின்னும், கட்டடத்துக்குள் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று, அந்தக் கட்டடத்தில், குற்றவாளி அது அல்ல.

பாதுகாப்பு நிலை: பலகையில் என்ன எழுதுவது?

மாணவர்களின் பலகையைப் பற்றிய விவாதம்தான் நீண்டது. "அழிந்துவரும்" என்பது ஆதங்கத்தில் எழுதும் சொல் அல்ல. ஐயூசிஎன் என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அதற்கென அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, பரவல் எத்தனை சதுர கிலோமீட்டர், முதிர்ந்த தனியுயிர்கள் எத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டும். ஹைமியை, மைக்ரோகார்பஸ் இரண்டும் அழியும் ஆபத்துள்ள பிரிவுகள் எதிலும் வைக்கப்பட்டவை அல்ல. மைக்ரோகார்பஸ் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவலாகப் பதிவானது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் காளான் எதுவும் இல்லை.

பட்டியலில் இல்லை என்பதால் ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 மார்ச்சில் ஐயூசிஎன் வெளியிட்ட கணக்கின்படி, அறியப்பட்ட சுமார் 1,55,000 பூஞ்சை இனங்களில் மதிப்பிடப்பட்டவை 1,300தான்; அவற்றில் குறைந்தது 411 அழியும் ஆபத்தில் உள்ளன. நூற்றில் ஒன்றுகூட மதிப்பிடப்படாத குழுவில், பட்டியலில் பெயர் இல்லாமை எதையும் நிரூபிக்காது.

உறவினங்களில் ஒன்று ஆபத்திலும் மற்றொன்று செழிப்பிலும் இருப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிப்பிக்காளான் பேரினத்தில் உண்டு. பிளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ் இத்தாலியின் சிசிலித் தீவில், மதோனியே மலைப்பகுதியில் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில், ஒரு குறிப்பிட்ட செடியின் அடித்தண்டை ஒட்டி மட்டும் முளைப்பது. 250க்கும் குறைவான தனியுயிர்களே முதிர்ச்சியடைகின்றன என்ற மதிப்பீட்டில், 2006இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவு எரின்ஜியை, தொழிற்சாலை அளவில் வளர்க்கப்பட்டு, சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் கிங் ஆய்ஸ்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. பார்வைக்கும் இரண்டும் ஓரளவு ஒத்தவைதான். நிலை வேறானதற்குக் காரணம் வாழிடத்தின் அளவு, புரவலர் செடி, முற்றுவதற்கு முன்பே பறித்துவிடும் பழக்கம். அரிதா இல்லையா என்பதைக் காளானின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதைக் குழு இந்த எடுத்துக்காட்டை வைத்தே மாணவர்களுக்கு விளக்கியது.

எண்ணுவதிலும் ஒரு பொறி இருந்தது. மாணவர்கள் ஒவ்வொரு காளானையும் எண்ணி, "சிறியது நூற்றுக்கணக்கில், பெரியது சிலவே, எனவே பெரியதுதான் அரிது" என்று முடிவுகட்டியிருந்தார்கள். காளான் என்பது பூஞ்சையின் கனி மட்டுமே. ஒரு கூட்டில் ஒரு மரபு என்றால், நூற்றுக்கணக்கான மைக்ரோகார்பஸும் ஒரே தனியுயிர்; சரிவில் நின்ற அத்தனை ஹைமியையும் ஒரே தனியுயிர். எண்ண வேண்டியவை காளான்கள் அல்ல, உயிருள்ள கூடுகள்.

அதற்காக வளாகம் முழுவதும் புற்றுகளைத் தேடி வரைபடத்தில் குறித்தார்கள். புற்று உயிரோடு இருக்கிறதா என்று அறிய, மாலையில் விரல் அளவு துளை ஒன்று போட்டுவிட்டு மறுநாள் காலையில் பார்ப்பது வழி. ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. முன்பு மருந்து ஊற்றப்பட்ட ஒரு புற்றில் துளை திறந்தபடியே கிடந்தது. அதன் அடியில் காளானுக்குப் பதில் கறுத்த விரல்போன்ற தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன: சைலேரியா. கறையான் பராமரிக்கும் வரை அடையில் அடங்கிக்கிடக்கும் இந்தப் பூஞ்சை, கறையான் செத்ததும் அடையைக் கைப்பற்றிக்கொள்ளும். புற்று நிற்கிறதே என்று பார்த்துத் திருப்தியடைபவர்கள் இந்தக் கறுப்பு விரல்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புற்று இடிப்பு கைவிடப்பட்டது. காளான் அரிது என்பதற்காக அல்ல. இடிப்பதால் கட்டடத்துக்குப் பயன் இல்லை என்பதற்காக. பொறியாளரை இணங்க வைத்த வாதமும் இதுதான்.

கட்டடத்துக்கு மருந்து அவசியம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. உள்ளே சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளைகள், 300 மி.மீ. இடைவெளியில், துளைக்கு 1 லிட்டர் வீதம் இமிடாகுளோபிரிட் கரைசல், 30.5 சதவீத மருந்தில் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. வெளிப்புறத்தில் சிமென்ட் தளம் உள்ள மூன்று பக்கங்களில் தளத்தைத் துளைத்து, ஓடும் மீட்டருக்கு 2.25 லிட்டர். புற்றை நோக்கிய மேற்குப் பக்கத்தின் வெளிப்புறம் மட்டும் விடப்பட்டது.

அந்த ஒரு பக்கத்தை விட்டதற்கு மருந்தின் செயல்முறை காரணம். இமிடாகுளோபிரிட் கறையானை விரட்டாது. கறையான் அதை உணராமல் மண்ணில் நடந்து, உடலில் ஏற்றிக்கொண்டு, மற்றவற்றுக்கும் தொற்றவைக்கும். கோப்டோடெர்மஸுக்கு எதிராக இது வசதி. ஆனால் ஓடன்டோடெர்மஸ் இரை தேடி 9 மீட்டரை எளிதில் கடக்கும். மேற்குச் சுவரோரம் மருந்து இருந்தால் புற்றுக்கே நஞ்சைச் சுமந்து போகும். விரட்டும் வகை மருந்தான பைஃபென்த்ரினை அந்தப் பக்கம் அடிக்கலாமே என்று ஒப்பந்ததாரர் கேட்டார், நியாயமான கேள்விதான். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்று முடிவானது. விரட்டும் மருந்தும் விரட்டா மருந்தும் அடுத்தடுத்து இருந்தால், முதலாவதைக் கண்டு ஒதுங்கும் கறையான் இரண்டாவதைத் தொடாமலே போகலாம். அதோடு மேற்கு வடிகால் அல்லிக் குளத்தில் போய்ச் சேர்கிறது; பைஃபென்த்ரின் சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. மருந்துக்குப் பதிலாக, மேற்குச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைகளும் மரக்கிளைகளும் அகற்றப்பட்டன, கசிந்த குழாய் மாற்றப்பட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்குழாய் தேடிப் பார்க்கும் அட்டவணை போடப்பட்டது.

வளாகத்தில் முளைக்கும் எந்தக் காளானையும் சமைக்கக் கூடாது என்று காவலாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் சொல்லப்பட்டது. புற்றுக்காளானை நன்கு அறிந்தவர்களுக்கு இது வருத்தம்தான். பச்சை ஸ்போர் காளான் அதே மழையில், அதே இடத்தருகே முளைக்கும்போது, நிறுவனம் வேறு விதியை எழுத முடியாது. காளானுக்கும் இதில் நன்மை உண்டு. பூஞ்சை வளர்க்கும் கறையான் இனங்கள் பெரும்பாலானவற்றில், ஈசலாகப் பறந்து போய்ப் புதுக்கூடு வைக்கும் இணை பூஞ்சையை உடன் எடுத்துச் செல்வதில்லை. முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து, மண்ணில் விழுந்த ஸ்போரை இரையோடு எடுத்துப் போக வேண்டும். ஈசலுக்குச் சில வாரம் கழித்துக் காளான் வருவது இதனோடு பொருந்துகிறது. பறிப்பவர்கள் விரும்புவது விரியாத மொட்டுகளை. விரியாதது ஸ்போர் உதிர்க்காது.

பலகை நடப்பட்டது, வாசகம் மாறியது: "உயிருள்ள கறையான் புற்று. இங்கே இரண்டு வகைப் புற்றுக்காளான்கள் மழைக்காலத்தில் முளைக்கும். புற்றை உடைக்கவோ சருகைப் பெருக்கவோ வேண்டாம். எந்தக் காளானையும் உண்ண வேண்டாம்."

பின்விளைவுகள்

கட்டடத்தில் மருந்திட்ட பிறகு புது மண்குழாய்கள் தோன்றவில்லை. மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் ஒருமுறை, மறந்துபோய் விடப்பட்டிருந்த அட்டைப் பெட்டி ஒன்றின் கீழ் ஓடன்டோடெர்மஸ் மண்பூச்சு தென்பட்டது. பெட்டியை அகற்றியதோடு அது நின்றது.

மறு ஆண்டு மழைக்கு ஹைமியை அதே சரிவில் வந்தது. மைக்ரோகார்பஸ் வரவில்லை. தரையடிக் கூடு செத்துவிட்டதோ என்று முதலில் எண்ணினார்கள். விசாரித்ததில், ஆண்டு விழாவுக்கு முன் சுத்தம் செய்த வெளி ஒப்பந்தப் பணியாளர்கள், பலகை இருந்தும், சருகு முழுவதையும் மண் தெரியப் பெருக்கி, அதே இடத்தில் குவித்து எரித்திருந்தது தெரிந்தது. பலகை புற்றைப் பார்த்து நின்றது; சருகுப் பகுதி அதன் பின்னால் இருந்தது. பெருக்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

புற்றை மட்டும் காப்பது மைக்ரோகார்பஸுக்குப் போதாது என்பதை இது நேராகக் காட்டியது. ஹைமியைக்கு ஆபத்து கடப்பாரையிலும் மருந்திலும் இருக்கிறது. விளக்குமாறு அதை ஒன்றும் செய்யாது, போலிவேர் ஆழத்திலிருந்து வருகிறது. மைக்ரோகார்பஸுக்கு விளக்குமாறும் தீக்குச்சியும் பேவர் பிளாக்கும் போதும். உலக அளவில் பரவலானது எது என்று கேட்டால் மைக்ரோகார்பஸ். இந்த வளாகத்தில் எளிதில் காணாமல் போகக்கூடியது எது என்று கேட்டாலும் மைக்ரோகார்பஸ்தான். நகர நிலத்தில் பாதுகாப்பு நிலையை உலகப் பட்டியலிலிருந்து நேராக இறக்கி வைத்தால் இது கண்ணில் படாது.

அதன்பின் மேற்பார்வையாளர் சருகுப் பகுதியைச் சுற்றிச் செங்கல் வரிசை ஒன்று வைத்தார், உள்ளே விளக்குமாறு நுழையக் கூடாது என்பதற்காக. அடுத்த மழைக்காலத்தில் மைக்ரோகார்பஸ் திரும்பியது, முன்பைவிடக் குறைந்த பரப்பில்.

இனி மாற்ற வேண்டியவை

புற்று இடிப்புக் கோரிக்கை எதுவானாலும், முதலில் கட்டடத்திலிருந்தும் புற்றிலிருந்தும் சிப்பாய்க் கறையான்களைத் தனித்தனிக் குப்பியில் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு கைலென்சும் இரண்டு குப்பியும் போதும். பூச்சிக்கட்டுப்பாட்டு ஒப்பந்தப் படிவத்தில் இதற்கென ஒரு வரி இப்போது சேர்க்கப்பட்டுள்ளது.

சருகுப் பகுதிக்கு எல்லை, பலகைக்கு முன்பே வேண்டும். குறைந்தது 5 மீட்டர் ஆரத்துக்குப் பெருக்காமல் விடுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள். துகள் எவ்வளவு தூரம் பரப்பப்படுகிறது என்பதை ஒவ்வொரு மழையிலும் அளந்து இதைத் திருத்தலாம். துப்புரவு ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் புது மேற்பார்வையாளரை நேரில் அழைத்துக் காட்ட வேண்டும். எழுத்து மூலம் சொன்னது வேலைக்காகவில்லை.

புற்றிலிருந்து 15 மீட்டரில் இருந்த வெள்ளொளி விளக்குக்கு ஈசல் முழுவதும் போய் மடிந்தது முதல் ஆண்டே கவனிக்கப்பட்டும், விளக்கு தொடர்ந்து எரிந்தது. இடிமழைக்குப் பிந்தைய மாலைகளில், ஈசல் அடங்கும்வரை அதை அணைப்பது செலவில்லாத காரியம்; பாதுகாப்புப் பிரிவோடு முன்பே பேசிவைக்க வேண்டும்.

மாதிரிகள் விஷயத்தில் ஒரு குறை இன்னும் நிற்கிறது. மைக்ரோகார்பஸின் மரபணு வரிசை கிடைத்து, பெயர் உறுதியானது. ஹைமியை மாதிரி புழு வைத்த பின் எடுக்கப்பட்டதால் தேறவில்லை. அந்தப் பெயர் இப்போதைக்கு உருவ அடையாளங்களை மட்டுமே நம்பி நிற்கிறது. அடுத்த முறை, குடை விரிந்த அன்றே, செவுளும் காம்பும் சேரும் இடத்தின் உள்சதையில் பட்டாணி அளவு துண்டை எடுத்து, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட வேண்டும். மீதியை 45 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, போலிவேரின் நிறம், வளையம், ஸ்போர் பதிவு, சிப்பாய்க் கறையான் குப்பி ஆகியவற்றோடு ஒரே எண்ணின் கீழ் உலர்தாவரச் சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். காளானை மட்டும் சேமித்து, அதை வளர்த்த கறையானைச் சேமிக்காத மாதிரிகளால் எந்தக் கூட்டில் எந்தப் பூஞ்சை என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது.